ஓடாத டாங்கிக்கும் சேறு உண்டு! தெரியுமா?

சேலத்திலிருந்து கோவை போகும் என்.ஹெச். 544-ல் வைகுந்தம் டோல்கேட்டைத் தாண்டி, சங்ககிரி மலைக்கோட்டை கண்ணில் படும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லேன் மூன்றரை மீட்டர். போக இரண்டு, வர இரண்டு, ஆக நாலு லேன், 14 மீட்டர். அந்த 14 மீட்டரையும் ஒரே ஒரு வண்டி அடைத்துக்கொண்டு எதிரில் வந்தால்? நடு மீடியனெல்லாம் எப்போதோ பொடிப்பொடி! நீளம் 35 மீட்டர். உயரம் 11 மீட்டர், அதாவது மூன்று மாடிக் கட்டடம். எடை ஆயிரம் டன். முழு லோடு ஏற்றிய பத்துச் சக்கர லாரி 28 டன் என்றால், முப்பத்தைந்து லாரியை ஒன்றாக உருக்கி ஊற்றியது போல ஒரு டாங்கி!

இதை வரைந்து கொடுத்தவர் எட்வர்ட் குரோட்டே. ஜெர்மனியின் குருப் கம்பெனிக்காக, 1942 ஜூன் மாதம். பெயர் 'பி-1000 ராட்டே'. மேலே வைக்க நினைத்தது போர்க்கப்பலுக்கு உரிய 280 மில்லிமீட்டர் பீரங்கி, அதிலும் இரண்டு! ஹிட்லருக்கு ஆசைதான். ஆனால் 1943 தொடக்கத்தில் ஆயுத அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர் திட்டத்தையே மூடிவிட்டார். ஒரு டாங்கி கூடக் கட்டப்படவில்லை.

ஆனால் பெட்டியில் அடைத்த பிளாஸ்டிக் கிட்டாக அது விற்பனைக்கு வந்துவிட்டது! தெரியுமா?

'டக்கோம்' என்ற கம்பெனி இதை 1/144 ஸ்கேலில் வெளியிட்டது. உண்மை வண்டியின் 35 மீட்டர் இங்கே 24 சென்டிமீட்டர். பார்க்கிறவருக்கு அளவு புரிய வேண்டுமே என்று, அதே பெட்டியில் அதே ஸ்கேலில் குட்டி 'மௌஸ்' டாங்கிகளையும் சேர்த்து வைத்தார்கள். மௌஸ் ஒன்றும் சோதா இல்லை, 188 டன். ராட்டே பக்கத்தில் நிறுத்தினால் பொடியனாகத் தெரிகிறது.

டாங்கி மாடல் கட்டுகிறவர்கள் அதிகம் விரும்பும் ஸ்கேல் 1/35. அந்த ஸ்கேலில் ராட்டே செய்தால்? நீளம் சரியாக ஒரு மீட்டர்! அகலம் 40 சென்டிமீட்டர், பீரங்கி வாய் மிகச் சரியாக 8 மில்லிமீட்டர். எடை? இங்கேதான் தலை சுற்றும். நீளம் 35-ல் ஒன்றானால் எடையும் 35-ல் ஒன்றாகாது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே சுருங்குவதால் 35-ஐ மூன்று தடவை பெருக்க வேண்டும். 42,875-ல் ஒரு பங்கு. அதே இரும்பில் செய்தாலும் ஆயிரம் டன் ராட்டே வெறும் 23 கிலோ! ஓர் ஆள் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளலாம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ராட்டே ஏன் உருப்பட்டிருக்காது என்பதும் தெரிந்துவிடும். ஒரு டாங்கியை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எடை எட்டு மடங்கு கூடும். தரையில் படும் டிராக்கின் பரப்போ நாலு மடங்குதான் கூடும். அப்படியென்றால் மண்ணை அமுக்கும் அழுத்தம் இரட்டிப்பு. ரோடு நொறுங்கும், பாலம் விழும். குமாரபாளையத்துக்கும் பவானிக்கும் நடுவில் காவிரியைத் தாண்ட வேண்டுமானால் பாலத்தை மறந்துவிட்டு ஆற்றுக்குள் இறங்குவதுதான் ஒரே வழி. தாளில் கோடு போடும்போது இந்த அழுத்தம் பென்சிலுக்குத் தெரியாது.

சரி, அந்த 1/35 என்ற ஸ்கேல் எங்கிருந்து வந்தது? பெரிய இன்ஜினியர்கள் கூடி உட்கார்ந்து முடிவு செய்தது என்று நினைத்தால் ஏமாந்தோம். 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிசுவோகா ஊர் 'தாமியா' கம்பெனி, பாந்தர் டாங்கியை மோட்டார் வைத்து ஓடும் பொம்மையாகச் செய்ய முனைந்தது. வயிற்றுக்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும். அடங்குகிற அளவுக்கு உடம்பை வைத்துவிட்டுப் பிறகு அளந்து பார்த்தால், ஏறக்குறைய 35-ல் ஒன்று! அந்தப் பேட்டரிக் கட்டை எடுத்த முடிவைத்தான் உலகம் முழுக்க அறுபது வருஷமாகப் பல கம்பெனிக்காரர்களும் பின்பற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது இந்தப் பொழுதுபோக்கின் விசித்திரமான கிளைக்கு வருவோம். 'பேப்பர் பான்சர்' என்று சொல்வார்கள். தாளோடு நின்றுபோன டாங்கிகள். சில பாதிக் கட்டுமானத்தில் நின்றவை, சிலவற்றுக்கு ஒரு கடிதமும் நாலு எண்ணும் தவிர வேறு எதுவும் கிடையாது. கிட் மட்டும் உண்டு!

ஈ-100 கதையைக் கேளுங்கள். போரின் கடைசிக் காலத்தில் ஜெர்மன் ராணுவத்தின் ஆயுதத் துறையில் இருந்த ஹைன்ரிஷ் க்னீப்காம்ப் ஒரு திட்டம் போட்டார். ஆளுக்கொரு மாதிரி டாங்கி, ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குச் சேராது என்ற தொல்லையை ஒழிக்க, 10, 25, 50, 75, 100 என்று எடை வரிசையில் ஒரு குடும்பம். அதில் மூத்த பிள்ளை ஈ-100, சுமார் 140 டன். 1944-ல் பெரிய டாங்கி வேலைகளையெல்லாம் நிறுத்தச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது. ஆனால் பாடர்போர்ன் பக்கத்தில் ஹவுஸ்டன்பெக் என்ற இடத்தில், ஆட்லர் கம்பெனியின் மூன்றே மூன்று தொழிலாளர்கள் 1945 வரைக்கும் அதை மெதுவாகக் கோத்துக்கொண்டே இருந்தார்கள்! நேச நாட்டுப் படைகள் உள்ளே வந்து பார்த்தபோது அடிப்பாகம் தயாராக நின்றது, தலை இல்லை. இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், 1950களில் பழைய இரும்பாக உடைத்துவிட்டார்கள். டிராகன், டிரம்பெட்டர் என்று இரண்டு கம்பெனிகளின் 1/35 கிட்டில் அந்தத் தலை உண்டு. போர் முடிந்து பல வருஷங்களுக்குப் பிறகு வந்து சேர்ந்த தலை.

ஈ-50, ஈ-75 நிலைமை இன்னும் மோசம். முழு வரைபடம் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் டிரம்பெட்டர் கடையில் ஈ-10, ஈ-25, ஈ-50, ஈ-75, ஈ-100 என்று குடும்பமே வரிசையில் நிற்கிறது. அப்படியானால் அந்த போல்ட் இங்கே, இந்தக் கீல் அங்கே என்று முடிவு செய்தது யார்? பிளாஸ்டிக் அச்சு வெட்டுகிறவர்! ஊற்றும் பிளாஸ்டிக்குக் குழப்பம் தெரியாது. 'ஏறத்தாழ இப்படி இருக்கலாம்' என்று அச்சு வெட்ட முடியாது. கோடு இருக்கிறதா இல்லையா, ஓட்டை எத்தனை மில்லிமீட்டர், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் இன்ஜினியர் பாதியில் விட்ட வேலையை எழுபது வருஷம் கழித்து ஒரு பொம்மைக் கம்பெனிக்காரர் முடித்துவைக்கிறார். எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்ததே இந்த இடம்தான்.

சங்ககிரிக்காரருக்கு இது உடனே புரியும். ஏனென்றால் இங்கே நடப்பது நேர்தலைகீழ். அங்கே தாள் உண்டு, வண்டி இல்லை. இங்கே வண்டி உண்டு, தாள் இல்லை! எண்ணூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கேபின்கூட இல்லாத மொட்டை சேஸ் கிளம்பி வரும். ஓட்டுகிறவர் திறந்த வெயிலில் ஒரு சீட்டில் உட்கார்ந்து, தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு, தூசிக்கு ஒரு கண்ணாடி மாட்டிக்கொண்டு வருவார். அந்தக் காட்சியை இந்த ஹைவேயில் பார்க்காதவர் இருக்க முடியாது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் பழைய மேஸ்திரிகள் அந்தச் சேஸ் மேல் சாக்பீஸால் நாலு கோடு போடுவார்கள். அதுதான் வரைபடம். ஆசாரி, வெல்டர், டிங்கர், பெயின்டர் என்று கை மாறி மாறி, கடைசியில் பின்புறப் பலகையில் தாமரைப் பூவும் முதலாளியின் பிள்ளைகள் பெயரும் ஏறி வண்டி வெளியே போகும். இப்போது ஏஐஎஸ்-093 என்ற விதி வந்து லாரி பாடிக்கும் முறையான வடிவமும் ஒப்புதலும் கேட்கிறது. கைக்கணக்கு மேஸ்திரிகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவருகிறார்கள்.

அப்படி ஒரு மேஸ்திரியிடம் ஈ-50 கிட்டின் விளக்கத் தாளைக் காட்டினேன். பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட படம். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு, விரலால் அடியிலிருந்து மேலே தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, டீசல் டேங்க் எங்கீங்க?"

"வெளியே தெரியாதுங்க. உள்ளே இருக்குமுன்னு நெனைச்சுக்கோணும். அதுவும் பெட்ரோல் வண்டிங்க."

"சரி, இன்ஜின் வேலைன்னா எதைக் கழட்டுவீங்க?"

பின்பக்க மூடியைக் காட்டினேன். அவர் அந்த மூடியின் ஓரத்தில் இருந்த போல்ட் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "இத்தனை போல்ட்ட ரோட்டோரத்துல நின்னு கழட்டறதுக்குள்ள விடிஞ்சுருமுங்க. இது எந்தப் போருக்குப் போன வண்டி?"

"எதுக்கும் போகலீங்க. கட்டவே இல்லை."

"அதானே பார்த்தேன்!"

இவ்வளவுதான் விமர்சனம். ராணுவ வரலாற்றுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

சின்ன மாடல், பெரிய டாங்கியின் தலையெழுத்தையே தீர்மானித்த கதைகளும் உண்டு, தெரியுமா? இரண்டு சொல்கிறேன். இரண்டும் ஒரே காலகட்டம், முடிவு மட்டும் நேர்மாறு.

முதல் கதை ஆஸ்திரேலியா. அடிலெய்டுக்காரர் லான்சலாட் டி மோல், 1912-லேயே சங்கிலி டிராக் போட்ட கவச வண்டி ஒன்றை வரைந்து லண்டன் போர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். உலகத்தின் முதல் டாங்கி போர்க்களத்தில் இறங்கியது 1916 செப்டம்பர் 15, பிரான்ஸின் சோம் ஆற்றுப் பக்கம். நாலு வருஷம் முன்னாலேயே! அதிலும் அவர் வண்டி டிராக்கையே வில் மாதிரி வளைத்துத் திரும்பக்கூடியது. லண்டன் வேண்டாம் என்றது. மனிதர் விடவில்லை. எட்டில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்து, தானே சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்து, மாடலோடு இங்கிலாந்து போய் இறங்கினார். அதற்குள் போர் முடியும் காலம். 1919-ல் பரிசுக் கமிஷன், இது உண்மையிலேயே அபாரமான கண்டுபிடிப்பு, ஓடிய டாங்கியை விடச் சில விஷயங்களில் மேல் என்றே ஒத்துக்கொண்டது. ஆனால் பரிசு, ஓடிய டாங்கியைச் செய்த டிரிட்டனுக்கும் வில்சனுக்கும் 15,000 பவுன். டி மோலுக்குச் செலவுக்கென்று ஆயிரத்துக்கும் குறைவு, கூடவே 1920-ல் ஒரு பட்டம். அவர் வண்டியை யாரும் கட்டவே இல்லை. மாடல் மட்டும் கான்பெராவின் போர் நினைவகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது கதை ரஷ்யா. லெபெடெங்கோ என்ற இன்ஜினியர், சாவி கொடுத்தால் ஓடும் மர மாடல் ஒன்றை ஜார் இரண்டாம் நிக்கோலாஸிடம் கொண்டுபோனார். சக்கரவர்த்தியும் இன்ஜினியரும் தரையில் மண்டியிட்டு, தடித்தடியான சட்டப் புத்தகங்களைக் குறுக்கே போட்டு, அது ஏறி இறங்குவதைக் குழந்தைகள் மாதிரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். உடனே பணம் அனுமதி! 9 மீட்டர் விட்டத்தில் முன்சக்கரங்கள் இரண்டு, பின்னால் ஒரு சின்ன உருளை. 1915 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு வடக்கே டிமித்ரோவ் பக்கம் ஓட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போனது. பின் உருளை சேற்றில் புதைந்தது. அதோடு சரி. இழுத்து எடுக்க முடியாமல் அங்கேயே வருஷக்கணக்கில் நின்று, 1923-ல் உடைக்கப்பட்டது. சட்டப் புத்தகத்தில் சேறு ஏது!

அதே ரஷ்யாவில், அதே வருஷங்களில் இன்னொருவர். தனிம அட்டவணை தந்த மெண்டலீவைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அவர் மகன் வசீலி மெண்டலீவ் 170 டன்னுக்கு மேல் ஒரு டாங்கி வரைந்தார், தெரியுமா? சுடும் நேரத்தில் வண்டி அப்படியே உடம்பைத் தாழ்த்தித் தரையில் படுத்துக்கொள்ளுமாம், சக்கரத்தில் அடி படாமல் இருக்க! கட்டப்படவில்லை. அதற்கும் முன்னால், 1903-ல் எச்.ஜி. வெல்ஸ் இரும்புக் கவச வண்டிகள் போர்க்களத்தில் ஊர்ந்து வருவதாகச் சிறுகதை எழுதிவிட்டார். பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாட விதிமுறைப் புத்தகம் போட்டவரும் அவரேதான், 1913-ல். இன்னும் பின்னால் போனால் 1480களில் லியோனார்டோ டா வின்சி. ஆமை ஓடு மாதிரி கூம்பு வண்டி, சுற்றிலும் பீரங்கி, உள்ளே ஆட்கள் கைப்பிடியைச் சுற்றி ஓட்ட வேண்டும். அந்த ஓவியம் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில். அதில் இருக்கும் பல்சக்கரம் அப்படியே சுற்றினால் முன்சக்கரம் ஒரு பக்கமும் பின்சக்கரம் எதிர்ப்பக்கமும் போகும், வண்டி நகரவே நகராது! அதனாலென்ன, மரத்துண்டுகளைக் கோத்துக் கட்டும் கிட்டாக அதுவும் விற்கிறது. கிட்காரர்கள் பல்சக்கரத்தைத் திருத்தி, ஓடவும் வைத்துவிடுகிறார்கள்.

பேப்பர் பான்சர் பைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜப்பானின் 'ஓ-ஐ' டாங்கி. 150 டன் வகை, போர்க்காலத்தில் ரகசியமாகத் தொடங்கியது. அடிப்பாகம் ஒன்றைச் செய்து ஓட்டிப் பார்த்ததோடு நின்றுபோனது. பல வருஷம் இதைப் பற்றி வதந்திகள்தான் உலவின. டொயோஹாஷி நகரத்து 'ஃபைன் மோல்ட்ஸ்' என்ற மாடல் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? மிஞ்சியிருந்த மூல ஆவணங்களையும் வரைபடங்களையும் தேடிப் பிடித்து விலைக்கு வாங்கிவிட்டது! அவற்றைப் பார்த்துத்தான் அதன் 1/72 கிட். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைப் பொம்மைப் பெட்டிக்காகச் செய்திருக்கிறார்கள். அந்த டாங்கியின் டிராக் துண்டு ஒன்று ஜப்பானில் ஒரு ஷிண்டோ கோவிலில் இருக்கிறது. பூஜை உண்டோ இல்லையோ, இரும்பு இருக்கிறது.

இனி வண்ணம். உண்மை டாங்கி என்றால் புகைப்படம் பார்த்து அடிக்கலாம். கட்டப்படாத டாங்கிக்கு என்ன நிறம்? எந்தப் படைப்பிரிவு எண்? துரு எங்கே பிடிக்கும், சேறு எவ்வளவு உயரம் தெறிக்கும்? எல்லாம் கட்டுகிறவர் இஷ்டம். அதனாலேயே கஷ்டம். இதில் தேர்ந்தவர்கள் செய்யும் ஒரு வித்தை இருக்கிறது. முதலில் துரு நிறத்தை அடித்துக் காயவிடுவார்கள். அதன் மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே! ஆமாம், பியூட்டி பார்லர் சாமான்தான். அதற்கு மேல் டாங்கியின் மேல்நிறம். காய்ந்ததும் வெறும் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து மெல்லத் தேய்த்தால், நடுவிலிருக்கும் ஸ்பிரே கரைந்து மேல்நிறம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். அடியில் துரு எட்டிப் பார்க்கும். ஏறி இறங்கும் இடம், கை பிடிக்கும் இடம், சங்கிலி உரசும் இடம் என்று பார்த்துப் பார்த்து உரிக்க வேண்டும். பிறகு பொடி தூவிச் சேறு. பிறந்தே இராத வண்டிக்கு முதுமை வந்துவிடும்!

இங்கே ஒரு குறையும் சொல்லத் தோன்றுகிறது. பலபேர் துருவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பூசிவிடுகிறார்கள். சங்ககிரியில் சிமென்ட் லோடு அடித்துவிட்டு நிற்கும் ஏதாவது ஒரு லாரியைச் சுற்றி வந்து பார்த்தால் போதும். சாம்பல் படலம் கதவின் மேல் விளிம்பில் கெட்டியாகவும், மழைத் தண்ணீர் வழிந்த தடத்தில் மெலிந்தும், கிளீனர் கை பட்ட கைப்பிடியில் பளபளவென்றும் இருக்கும். வேலை செய்த வண்டியில் அழுக்கு உட்காரும் இடத்துக்கெல்லாம் காரணம் இருக்கும்.

பிளாஸ்டிக் மாடல் உலகில் இன்னொரு பழக்கம், ஒரு கிட்டின் உடம்பையும் வேறொரு கிட்டின் தலையையும் ஒட்டிப் புது வண்டி உண்டாக்குவது. சின்னப் பையன் வேலை என்று சிரிக்காதீர்கள். நம் ஆவடியிலேயே இதை ஒன்றுக்கு ஒன்று அளவில், அசல் இரும்பில் செய்திருக்கிறார்கள், தெரியுமா? ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வந்தது. ஓய்வுபெற்ற விஜயந்தாக்கள் நினைவுச்சின்னமாகப் பல ஊர்களில் மேடை மேல் நிற்கின்றன. 1974-ல் அனுமதி கிடைத்த அர்ஜுன் டாங்கித் திட்டமும் ஆவடியின் சிவிஆர்டிஈ ஆய்வகத்துப் பிள்ளைதான். முதல் தொகுதி ராணுவத்திடம் போய்ச் சேர 2004 ஆகிவிட்டது. அர்ஜுன் கனம், 58 டன்னுக்கு மேல். ரஷ்ய வடிவமான டி-72 இளைத்தவன். அப்படியானால் டி-72-இன் உடம்பில் அர்ஜுனின் தலையை 120 மில்லிமீட்டர் பீரங்கியோடு தூக்கி வைத்தால் என்ன? வைத்தே விட்டார்கள்! சுமார் 47 டன். 'டாங்க் ஈஎக்ஸ்' என்று அழைத்தார்கள். 2002 வாக்கில் சோதனை ஓட்டமும் நடந்தது. ராணுவம் வேண்டாம் என்றுவிட்டது, மாதிரி வண்டியோடு கதை முடிந்தது. அதற்கு வழங்கிய இன்னொரு பெயர் என்ன தெரியுமா? கர்ணன்! அர்ஜுனன் தலையைச் சுமந்த கர்ணன். வியாசரே கேட்டிருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்.

2019 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு புள்ளி. நாளைக்கு நம் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து டாங்கிச் சாமான் போனாலும் போகலாம். அசல் சாமானுக்கு முன்னால் பிளாஸ்டிக் சாமான் செய்ய யாராவது முன்வந்தால் என் போன்றவர்களுக்கு நிம்மதி. ஏனென்றால் கடைசி ஆச்சரியம் பர்ஸைக் கடிப்பது. சுங்கத்துறைக் கணக்கில் ஸ்கேல் மாடல் கிட்டும் தலையாட்டிப் பொம்மையும் ஒரே தலைப்பு, 9503. வெளிநாட்டுப் பொம்மைக்கு 20 சதவீதமாக இருந்த சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023-ல் 70. போதாததற்கு 2021 ஜனவரியிலிருந்து பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவு வேறு. யாரும் கட்டாத டாங்கிக்கும் வரி கட்ட வேண்டும்! அதனால் நம் பையன்கள் ஃபோம் ஷீட்டை வெட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஃபெவிக்விக் ஒட்டித் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பஸ், லாரி. பின்பலகையில் தாமரைப் பூ வரைவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.